கிளிப்பைக் கீழே போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பது எப்படி

குழந்தைகள் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தபோது எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்த வேலை பொருளைக் கைதவற விடுவது. கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் துணி காயப்போடுகிற கிளிப் ஒன்றை, ஒன்றரை வயதுக் குழந்தை 'ஐயோ, தெரியாமல் விழுந்துவிட்டது' என்று நம்புகிற மாதிரி கீழே விட நல்ல பயிற்சி வேண்டும். கொஞ்சம் வேகமாக விட்டால் எறிந்த மாதிரி ஆகிவிடும், மெதுவாக விட்டால் இது ஏதோ விளையாட்டு என்று சிரிக்கும். விழுந்ததும் கொடியின் மேலிருந்து கையை நீட்டி எட்டாமல் தவிக்க வேண்டும். முதல் 10 வினாடி கிளிப்பை மட்டும்தான் பார்க்கலாம். அடுத்த 10 வினாடி கிளிப்பையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்க்கலாம். அதற்கப்புறம்தான் 'என் கிளிப்!' என்று வாயைத் திறக்கலாம். 'எடுத்துக் கொடு' என்று எந்தக் கட்டத்திலும் சொல்லக் கூடாது. குழந்தை எடுத்துக் கொடுத்தாலும் நன்றி கிடையாது, புன்னகை கிடையாது, வாங்கிக்கொண்டு துணியைக் காயப்போடுகிற வேலையைத் தொடர வேண்டும்.

ஜெர்மனியில் உளவியல் முதுகலை படித்த காலத்தில் செலவுக்காகப் பார்த்த பகுதிநேர வேலை இது. இதை நான் போனில் விவரித்தபோது அம்மா கேட்டது, "ஏண்டி, பச்சப்பிள்ளை எடுத்துக் குடுக்குது, ஒரு தேங்க்ஸ் சொன்னா கொறஞ்சா போயிடுவீங்க?"

நியாயமான கேள்விதான். பதில் கொஞ்சம் நீளம்.

நாங்கள் பின்பற்றிய முறை ஃபெலிக்ஸ் வார்னெக்கனும் மைக்கேல் தொமசெல்லோவும் லைப்சிக் நகரத்து மாக்ஸ் பிளாங்க் பரிணாம மானுடவியல் நிறுவனத்தில் செய்து 2006-இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. 18 மாதக் குழந்தைகள் 24 பேர். கிளிப் விழுவது, கைநிறையப் பத்திரிகைகளோடு அலமாரிக் கதவில் முட்டிக்கொண்டு நிற்பது, ஸ்பூன் ஒரு பெட்டிக்குள் விழுந்துவிட அதைச் சின்ன ஓட்டை வழியாக எடுக்க முடியாமல் திணறுவது என்று பத்துச் சூழ்நிலைகள். 24 பேரில் 22 பேர் ஏதாவது ஒன்றிலாவது உதவினார்கள். அதுவும் பெரும்பாலும் அந்த முதல் 10 வினாடிக்குள், ஆய்வாளர் நிமிர்ந்து பார்ப்பதற்கு முன்பே. அதே ஆய்வில் மனிதர்கள் வளர்த்த மூன்று இளம் சிம்பன்சிகளும் இருந்தன. கைக்கு எட்டாத பொருளை எடுத்துக் கொடுப்பதில் அவையும் உதவின, மற்ற சூழ்நிலைகளில் இல்லை.

ஒவ்வொரு சூழ்நிலைக்கும் ஒரு ஜோடி உண்டு. கிளிப் தவறி விழுவது ஒன்று என்றால், அதே கிளிப்பை வேண்டுமென்றே தூக்கிப் போடுவது இன்னொன்று. குழந்தைக்குப் பொருளை எடுத்து நீட்டுவதே பிடிக்கும் என்றால் இரண்டிலும் எடுத்துக் கொடுக்க வேண்டும். கொடுக்கவில்லை. தவறியதைத்தான் எடுத்துக் கொடுத்தன. குழந்தைகளைப் பற்றிய எந்தச் செய்தியைப் படித்தாலும் எதோடு ஒப்பிட்டார்கள் என்று முதலில் தேடுவேன். அது இல்லாத செய்தியை அப்படியே விட்டுவிடலாம்.

இப்போது அம்மாவின் கேள்வி. நன்றியே சொல்லாமல் இருந்ததற்குக் காரணம், கிடைக்கப்போகிற பாராட்டுக்காகச் செய்கிறதா, சும்மாவே செய்கிறதா என்று பிரித்துப் பார்ப்பதுதான். அதோடு 2008-இல் அதே இருவரும் செய்த இன்னொரு ஆய்வு இருக்கிறது. 20 மாதக் குழந்தைகளில் சிலருக்கு உதவும்போதெல்லாம் ஒரு சின்னப் பரிசு, சிலருக்கு வாய்வார்த்தையாகப் பாராட்டு, சிலருக்கு எதுவுமே இல்லை. பிறகு பரிசை நிறுத்திவிட்டுப் பார்த்தால், பரிசு வாங்கிப் பழகிய குழந்தைகள் எதுவுமே வாங்காத குழந்தைகளைவிடக் குறைவாக உதவின. பாராட்டு மட்டும் வாங்கியவர்களிடம் அந்தச் சரிவு தெரியவில்லை. அதனால் அம்மாவிடம் சொன்னேன்: தேங்க்ஸ் சொல்லு, தப்பில்லை, சாக்லேட்தான் வேண்டாம். ('சாக்லேட் உங்க அப்பா வேலை' என்று பதில் வந்தது.)

இதைப் படித்துவிட்டு 'குழந்தையைப் பாராட்டவே கூடாது' என்று கிளம்பிவிடாதீர்கள். ஒன்றரை வயதுக்கும் கீழே உள்ள குழந்தைகளிடம், பெரியவர்கள் ஊக்கப்படுத்தி, செய்ததும் பாராட்டினால் உதவுவது கூடுகிறது என்று காட்டிய ஆய்வும் உண்டு. வயது மாறினால் பதில் மாறுகிறது. இணையத்தில் 'ஆராய்ச்சி சொல்கிறது' என்று வரும் பெற்றோருக்கான அறிவுரைகளில் முதலில் காணாமல் போவது குழந்தையின் வயதுதான், அது மாதக் கணக்கில் முக்கியம்.

அந்த அறையில் குழந்தைகளைவிடச் சமாளிக்கக் கஷ்டமானவர்கள் பெரியவர்கள். அம்மாவோ அப்பாவோ பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள், குழந்தை தயங்கும்போது அவர்கள் முட்டி தானாக ஆடும், தொண்டையைச் செருமுவார்கள், சிலர் 'போ, போ' என்று காற்றாகச் சொல்வார்கள், அது மைக்கில் தெளிவாகக் கேட்கும். தன் குழந்தைக்கு இங்கே மார்க் போடுகிறார்கள் என்ற பயம் எந்த நாட்டுப் பெற்றோருக்கும் உண்டு போல. நாங்கள் கண்ட வழி அவர்கள் கையில் ஒரு நீளமான படிவத்தைக் கொடுத்து நிரப்பச் சொல்வது. பாதிக் கேள்விகள் உண்மையில் தேவைப்படாதவை. வேடிக்கை என்னவென்றால், பெற்றோர் அறையில் இருப்பதும் ஊக்கப்படுத்துவதும் இரண்டு வயதுக் குழந்தைகள் உதவுவதைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை என்று வார்னெக்கனும் தொமசெல்லோவும் 2013-இல் எழுதினார்கள். அதாவது அந்த 'போ, போ' குழந்தைக்காகச் சொல்லப்படுவதில்லை.

வீட்டில் முயன்று பார்க்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது அந்த 10 வினாடியைத்தான். கைநிறையச் சாமானோடு கதவருகே நிற்கிறீர்கள், பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது. உடனே 'கதவைத் திற' என்று சொல்லாதீர்கள். பத்து வரை மனதுக்குள் எண்ணுங்கள். ரொம்ப நீளமாகத் தெரியும், எனக்கே அந்த அறையில் நாலாவது வினாடியில் வியர்க்கும். நாம் பெரும்பாலும் அதற்கு இடமே விடுவதில்லை, மூன்றாவது வினாடியில் உத்தரவு போட்டுவிட்டுப் பிறகு 'சொன்னால்தான் செய்யும்' என்று குறைப்படுகிறோம்.

சரி, குரங்குகளுக்கு வருவோம். முறையாகச் சொன்னால் வெறும் குரங்கு இல்லை, வாலில்லா மனிதக் குரங்குகள். சிம்பன்சி, போனபோ, கொரில்லா, ஒராங்குட்டான்.

லைப்சிக் விலங்குக் காட்சியகத்தில் பொங்கோலாண்ட் என்று ஒரு பெரிய வளாகம் இருக்கிறது, 2001-இல் திறந்தது, வொல்ஃப்காங் கோலர் பெயரிலான ஆய்வு மையம் அதோடு சேர்ந்தது. டிக்கெட் வாங்கிக்கொண்டு யாரும் போகலாம், நாங்கள் மாணவர்களாகச் சேர்ந்து போனோம். அங்கே ஆய்வில் கலந்துகொள்வது விலங்கின் விருப்பம். வந்தால் வரும், போரடித்தால் எழுந்து போய்விடும், பட்டினி போட்டு வரவழைப்பதில்லை. குழந்தைகள் அறையிலும் இதே விதிதான், இரண்டு இடத்திலும் பாதி நாள் 'இன்று மூடு இல்லை' என்பதில் போகும்.

சிம்பன்சிகள் சேர்ந்து வேலை செய்யுமா என்ற கேள்வி பழசு. 1937-இல் மெரிடித் கிராஃபோர்ட் இரண்டு இளம் சிம்பன்சிகளிடம் ஒன்றால் மட்டும் இழுக்க முடியாத கனமான பெட்டியைக் கொடுத்தார், கயிறு இரண்டு, பெட்டிமேல் தீனி. பழக்கிய பிறகு சேர்ந்து இழுத்தன. ஒன்றுக்கு முன்னாலேயே வயிறு நிறையக் கொடுத்துவிட்டால் அது சும்மா உட்கார்ந்திருக்கும், பசித்தது அதன் தோளைத் தட்டித் தட்டி வேலைக்கு இழுக்கும். அந்தப் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்தால் கல்யாண மண்டபத்தில் சாப்பிட்டு முடித்த மச்சானைப் பந்தி பரிமாற எழுப்புகிற காட்சிதான்.

பின்னால் ஜப்பானில் சதோஷி ஹிராதா ஒரு நல்ல சாதனம் செய்தார். எட்டாத தூரத்தில் ஒரு பலகை, அதன்மேல் தீனி. பலகையின் வளையங்கள் வழியாக ஒரே கயிறு கோத்து இரண்டு முனையையும் கூண்டுப் பக்கம் விட்டிருக்கும். இரண்டு முனையையும் ஒரே நேரத்தில் இழுத்தால் பலகை நகர்ந்து வரும். ஒருவர் மட்டும் அவசரப்பட்டு இழுத்தால் கயிறு உருவிக்கொண்டு கையோடு வந்துவிடும், பலகை அங்கேயே நிற்கும், அவ்வளவுதான் ஆட்டம். இதை எடுத்துக்கொண்டு அலீசியா மெலிஸ், பிரையன் ஹேர், தொமசெல்லோ மூவரும் உகாண்டாவுக்குப் போனார்கள். விக்டோரியா ஏரியில் ங்காம்பா என்ற தீவு, தாயை இழந்து மீட்கப்பட்ட சிம்பன்சிகளுக்கான சரணாலயம்.

என் புத்தியை மாற்றியது அங்கே அவர்கள் பார்த்ததுதான். சிம்பன்சிகளை ஜோடி ஜோடியாக விட்டு, முதலில் சும்மா தீனி வைத்து யார் யாரோடு சண்டையில்லாமல் சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தார்கள். அப்புறம் கயிறு. ஒத்துச் சாப்பிட்ட ஜோடிகள் பயிற்சியே இல்லாமல் சேர்ந்து இழுத்தன. ஒத்துப்போகாத ஜோடிகள் தோற்றன. அதைவிட முக்கியம், ஒரு ஜோடியில் அழகாக ஒத்துழைத்த அதே சிம்பன்சி, ஆள் மாறியதும் செய்யவில்லை. வேலையைப் புரிந்துகொள்ளும் அறிவு அதற்கு அப்படியேதான் இருந்தது. பக்கத்தில் நிற்பது யார், வந்த தீனி தன் கைக்குக் கிடைக்குமா என்பது மாறிவிட்டது. தீனி ஒரே குவியலாக இருந்தால் பலமானது மொத்தத்தையும் அள்ளும், மற்றது கிட்டேயே வராது. பிரித்து வைத்தால் நிலைமை மேல்.

இன்னொரு சுற்றில் பக்கத்து அறைக் கதவைத் திறந்து துணையை உள்ளே விடும் வசதியைக் கொடுத்தார்கள். கயிற்று முனைகள் நெருக்கமாக இருந்து தனியாகவே இழுக்க முடிந்தால் பெரும்பாலும் கதவைத் திறப்பதில்லை. முனைகள் விலகியிருந்தால் திறந்து ஆளைக் கூப்பிட்டன. இரண்டு சிம்பன்சிகளில் ஒன்றைத் துணையாகத் தேர்ந்தெடுக்கலாம் என்றபோது, மாவா என்கிற அவசரக்காரரையும் புவாம்பாலே என்கிற காரியக்காரரையும் கொடுத்துப் பார்த்தார்கள். இருவரோடும் வேலை செய்து பார்த்த பிறகு புவாம்பாலேயைத் தேர்ந்தெடுப்பது கூடியது. என்னோடு வேலை பார்த்தவர்களுக்கும் மாவா யார் என்று தெரியும். பெயர் சொல்ல மாட்டேன்.

எனவே 'சிம்பன்சி ஒத்துழைக்காது, மனிதக் குழந்தை ஒத்துழைக்கும்' என்று ஒரு வரியில் எழுதப்படுவதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். யாரோடு, எதற்காக, கிடைத்ததை எப்படிப் பங்கு வைத்தார்கள் என்று கேட்காமல் ஒரு உயிரின் குணத்தைப் பற்றிப் பேசவே முடியாது. அமெரிக்காவின் யெர்க்ஸ் மையத்தில் மாலினி சுசாக்கும் ஃபிரான்ஸ் டி வாலும் மற்றவர்களும் 11 சிம்பன்சிகளை ஜோடி பிரிக்காமல் கூட்டமாகவே விட்டு, யாரோடு வேண்டுமானாலும் சேர்ந்து இழுக்கலாம் என்று வைத்தார்கள். 2016-இல் வெளிவந்த முடிவின்படி, தள்ளுமுள்ளு, திருட்டு போன்ற போட்டி நடத்தையைவிட ஒத்துழைப்பு ஐந்து மடங்கு அதிகம். ஓசியில் தின்ன வந்தவர்களை மற்றவர்கள் கண்டித்தார்கள், அல்லது அவர்கள் இருக்கும்போது வேலையே செய்யாமல் தவிர்த்தார்கள்.

மனிதக் குழந்தையிடம் வேறுபாடே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2011-இல் கத்தரினா ஹமானும் குழுவும் 'நேச்சர்' இதழில் எழுதியது இதே கயிற்று விளையாட்டின் குழந்தை வடிவம். மூன்று வயதுக் குழந்தைகள் இருவர் சேர்ந்து இழுக்கிறார்கள், ஒருவர் பக்கம் மூன்று பொருளும் மற்றவர் பக்கம் ஒன்றும் வந்து விழுகிறது. சேர்ந்து இழுத்து வந்ததென்றால், மூன்று கிடைத்த பிள்ளை பெரும்பாலும் ஒன்றை எடுத்து நீட்டிவிடும், சமமாகிவிடும். இழுக்காமலே வந்து பார்த்தபோது அப்படி வைத்திருந்தாலோ, ஆளுக்கொரு கயிறாகத் தனித்தனியே இழுத்திருந்தாலோ, கொடுப்பது நன்றாகக் குறைந்துவிடும். சிம்பன்சிகளிடமும் பார்த்தார்கள், சேர்ந்து உழைத்தது அவற்றின் பங்கீட்டை மாற்றவில்லை. சேர்ந்து இழுத்தோம் என்பது மூன்று வயதிலேயே நமக்கு ஒரு கணக்காகப் பதிகிறது.

இதை நான் நடைமுறையில் பயன்படுத்தியது அக்கா வீட்டில். மூன்றும் ஐந்தும் வயதில் இரண்டு பிள்ளைகள், ஒரே தட்டில் மிக்சரைக் கொட்டி 'சண்டை போடாம பங்கு போட்டுக்கோங்க' என்று வைத்துவிட்டு அக்கா உள்ளே போவாள், அடுத்த நிமிடம் அலறல். இது ங்காம்பாவின் குவியல் தீனி. "அக்கா, ரெண்டு கிண்ணம் வை, அறிவுரைய நிறுத்து" என்றேன். அதோடு ஒருவரால் முடியாத வேலைகளைத் தேடிக் கொடுக்கச் சொன்னேன். போர்வை மடிப்பது நல்ல வேலை, ஆளுக்கு இரண்டு முனை, ஒருவர் விட்டால் கெட்டது. பாயை இருவரும் இரண்டு பக்கம் பிடித்துச் சுருட்டுவது இன்னும் சுலபம். தனித்தனியாகச் செய்து யார் முதலில் முடித்தார் என்று பார்க்கிற வேலை வேண்டாம். அதற்கப்புறம் ஒரே தட்டில் வைத்தால்கூடக் கொஞ்சம் தாங்கியது. ஒரு வீட்டில் பார்த்ததை ஆய்வு என்று சொல்ல மாட்டேன், பெரியவன் பசியில் இருந்தால் எந்தப் பாயும் உதவாது.

எல்லோரும் அனுப்புகிற அந்த வெள்ளரிக்காய் வீடியோவைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாரா பிராஸ்னனும் டி வாலும் 2003-இல் எழுதிய ஆய்வு அது. ஒரே வேலைக்குப் பக்கத்துக் குரங்குக்குத் திராட்சை, இதற்கு வெள்ளரித் துண்டு என்றால் கபுச்சின் குரங்கு வாங்க மறுத்தது. 'குரங்குக்கே நியாய உணர்வு' என்று அதைப் பகிர்வார்கள். பிறகு யான் எங்கெல்மானும் மற்றவர்களும் 2017-இல் சிம்பன்சிகளிடம் ஒரு சின்ன மாற்றம் செய்தார்கள், மட்டமான தீனியைச் சில நேரம் மனிதர் கொடுத்தார், சில நேரம் இயந்திரம். மனிதர் கொடுத்தபோதுதான் மறுப்பு அதிகம். பக்கத்து ஆளுக்கு என்ன கிடைத்தது என்பதைவிட, நல்லதைக் கொடுத்திருக்கக்கூடிய இந்த ஆள் தரவில்லையே என்ற ஏமாற்றமாக இருக்கலாம் என்று அவர்கள் வாதிட்டார்கள். எனக்கு இது பிடித்த விளக்கம். அலுவலகத்தில் இன்க்ரிமென்ட் வந்த நாளில் சுற்றிப் பார்த்தவர்களுக்கும் பிடிக்கும்.

நம் ஊர்ப் பிள்ளைகளைத் தொட்டும் ஒரு ஆய்வு உண்டு. 2015-இல் பீட்டர் பிளேக், கேத்தரின் மெக்காலிஃப், வார்னெக்கன் உள்ளிட்டோர் இந்தியா உட்பட ஏழு நாடுகளில் செய்தது. எதிரெதிரே இரண்டு பிள்ளைகள், இருவர் பக்கமும் மிட்டாய், ஒருவர் கையில் முடிவு, அதை ஒரு கைப்பிடியை இழுத்துச் சொல்ல வேண்டும். ஒத்துக்கொண்டால் அவரவர் பங்கு அவரவருக்கு, மறுத்தால் இருவருக்குமே இல்லை. தனக்குக் குறைவாக வந்தால் மறுப்பது ஏழு நாட்டிலும் வந்தது. தனக்கு அதிகமாக வந்தால் மறுப்பது, அதுவும் வளர்ந்த பிள்ளைகளிடம், அமெரிக்கா, கனடா, உகாண்டா மூன்றில்தான். இந்தியா அதில் இல்லை. இதை வைத்து 'நம் பிள்ளைகளுக்கு நியாயம் தெரியாது' என்று ஒருவர் என்னிடம் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. மறுப்பது என்றால் இங்கே மிட்டாயை வீணாக்குவது. சாப்பாட்டை வீணாக்கினால் முதுகில் ஒன்று விழும் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு அந்தக் கைப்பிடியை இழுப்பதற்கு வேறு அர்த்தம் இருக்கும் என்பது என் எண்ணம். முடிந்த பிறகு தனியாகப் போய்ப் பங்கு கொடுத்தார்களா என்று பார்க்க எனக்கு ஆசை.

இந்த வேலைக்கு வர நினைக்கும் மாணவர்களுக்கு: பெரும்பாலான நேரம் குழந்தையோடு கழியாது, வீடியோவோடு கழியும். எந்த வினாடியில் கை நீண்டது, எப்போது தொட்டது என்று நிறுத்தி நிறுத்திக் குறிக்க வேண்டும். ஆய்வின் நோக்கம் தெரியாத இன்னொருவர் ஒரு பகுதியைத் தனியாகக் குறிப்பார், இரண்டும் ஒத்துப்போக வேண்டும். எது 'உதவி' என்று முதலிலேயே எழுதி வைக்காவிட்டால் அங்கே மாட்டிக்கொள்வீர்கள். கிளிப்பை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு பிறகு கொடுத்தால் அது உதவியா? எங்கள் அறையில் இதற்கு நீண்ட சண்டை நடந்தது. குழந்தைக்குத் தரும் சின்ன அன்பளிப்பை எல்லாம் முடிந்து கிளம்பும்போது, உதவினாலும் உதவாவிட்டாலும் ஒரே மாதிரி கொடுங்கள், முன்னால் கண்ணில் படவே கூடாது. விளையாடிப் பழகும் நேரத்தைச் சுருக்காதீர்கள், உங்கள் மடியில் ஒரு பொம்மையைக் கொண்டுவந்து வைக்கும்வரை ஆரம்பிக்க வேண்டாம்.

கடைசியாக, தேதி குறிக்கும்போது பெற்றோரிடம் 'எந்த நாள் வசதி' என்று கேட்பதற்கு முன் குழந்தை எத்தனை மணிக்குத் தூங்கும் என்று கேளுங்கள். காலைத் தூக்கம் முடிந்து சாப்பாட்டுக்கு முந்தைய ஒரு மணி நேரம்தான் உங்களுடையது. அதில் கால் மணி ஷூ கழற்றப் போகும்.